22 கிலோ: சொந்தக் கையால் விமானம் கட்டுகிறவர்களுக்கு எடைக் கணக்கு

மதுரையில் கப்பலூர்ப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. விடிகாலை ஐந்தரை மணி. ஷட்டரை இறக்கியாயிற்று, ஃபேனை நிறுத்தியாயிற்று. இரண்டு இருக்கை விமானம், மூன்று சக்கரம், சக்கரத்துக்கு ஒன்றாக மூன்று மேடைத் தராசுகள். அரிசி மண்டியிலிருந்து ஒரு நாள் வாடகைக்கு வாங்கி வந்தவை. ஒன்றின் ஓரத்தில் இன்னும் தவிடு ஒட்டியிருந்தது. மூன்று எண்களையும் கூட்டினால் 307 வந்தது. பாகங்களாக வாங்கிய கிட்டோடு வந்த புத்தகம் சொன்ன வெற்று எடை 275.

"கூட்டல் தப்பாயிருக்கும்ணே" என்றான் கூட நின்ற தம்பி. திரும்பக் கூட்டினோம். 307தான்.

அந்த 32 கிலோ எங்கிருந்து வந்தது, அதில் 22 கிலோவை எப்படி இறக்கினோம் என்பதுதான் இந்தக் கட்டுரை. புதிதாகக் கிட் வாங்கப் போகிறவர்கள், பாதி கட்டி முடித்தவர்கள் இரண்டு பேருக்கும் உதவும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொட்டகையில் கட்டுவது உங்கள் பாடு. பறப்பதற்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் பதிவும் அனுமதியும் வேண்டும். மும்பையில் வீட்டு மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டிய கேப்டன் அமோல் யாதவுக்கே பதிவு கிடைக்க 2017 வரை ஆனது. எனவே காகித வேலையை விமானத்தோடு சேர்த்தே தொடங்குங்கள். எடைக் கணக்கும் அந்தக் காகிதங்களில் ஒன்று.

முதலில் மூன்று எண்கள்

வெற்று எடை என்றால் ஆள், சாமான், எரிபொருள் எதுவும் இல்லாத விமானத்தின் எடை. ஆனால் எஞ்சின் ஆயில் முழுதாக இருக்க வேண்டும். டேங்கின் அடியில் எஞ்சினுக்கு எட்டாமல் தங்கிவிடும் கொஞ்சப் பெட்ரோலும் இந்தக் கணக்கில் சேரும். உச்ச எடை என்பது வடிவமைத்தவர் "இதற்கு மேல் தூக்காதே" என்று வைத்த எல்லை. இரண்டுக்கும் இடையில் மிஞ்சுவது பயன் சுமை. நீங்கள், பக்கத்து இருக்கைக்காரர், பெட்ரோல், பை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

எங்கள் விமானத்துக்கு உச்ச எடை 450. புத்தகப்படி 275 வந்திருந்தால் பயன் சுமை 175 கிலோ. ஆளுக்கு 75 கிலோ வீதம் இருவர் 150. மிச்சம் 25 கிலோவுக்குப் பெட்ரோல் ஊற்றலாம். லிட்டருக்கு 0.72 கிலோ என்று வைத்தால் 34 லிட்டர் சொச்சம். மணிக்கு 18 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வரும், சேமிப்பையும் சேர்த்து.

307 என்றால்? பயன் சுமை 143. அந்த இருவரும் ஏறி உட்கார்ந்தாலே எல்லை தாண்டிவிட்டது, டேங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமலே. காசு கொடுத்து இரண்டு இருக்கை வாங்கி, இரண்டு வருஷம் ரிவெட் அடித்து, ஒரு இருக்கை விமானம் கட்டியிருந்தோம்.

இந்த இடத்தில் சிலர் ஒரு குறுக்கு வழி பார்ப்பார்கள். "உச்ச எடையை 490 என்று எழுதிக்கொண்டால் போச்சு." எழுதலாம், இறக்கைக்குப் படிக்கத் தெரியாது. 450 கிலோவில் 4 ஜி, அதாவது அந்த எடையைப் போல நான்கு மடங்கு, தாங்கும் என்று கணக்கிட்ட இறக்கை தாங்குவது 1800 கிலோ. 490 கிலோவில் அதே 1800 வெறும் 3.67 ஜி. காற்றில் ஒரு உதறல் வரும்போது கையில் இருக்க வேண்டிய இடைவெளி அது. அதைத் தின்றுவிட்டுப் பறக்க வேண்டாம்.

வெற்று எடையைச் சட்டமே பார்க்கிற இடங்களும் உண்டு. அமெரிக்காவில் உரிமமே கேட்காத ஒரு இருக்கை அல்ட்ராலைட் வகைக்கு வெற்று எடை 254 பவுண்டுக்கு உள்ளே, அதாவது சுமார் 115 கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஒரு கிலோ கூடினாலும் அது வேறு வகை விமானம்.

நோட்டுப் போடுங்கள், முதல் ரிவெட்டுக்கு முன்

எங்கள் பெரிய தப்பு இதுதான். விமானம் முழுதாக நின்றபிறகுதான் எடை போட்டோம். அதற்குள் எது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

ஒரு நாற்பது பக்க நோட்டு, 5 கிலோ வரை கிராமில் காட்டும் ஒரு சமையலறைத் தராசு, 50 கிலோ வரை தொங்கவிட்டுப் பார்க்கும் ஒரு கொக்கித் தராசு. இவ்வளவு போதும். விமானத்துக்குள் போகும் ஒவ்வொன்றையும் பொருத்துவதற்கு முன் எடை போட்டு, பெயர், எடை, எங்கே போகிறது என்று எழுதுங்கள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகைக்கு நூறு கிராமில் பேரம் பேசுகிற ஊர்க்காரர்கள் நாம். போல்ட்டுக்கும் அதே கண் வேண்டும்.

எங்கே போகிறது என்பதையும் எழுதச் சொன்னேனே, அது பின்னால் சி.ஜி. கணக்குக்கு, அதாவது விமானத்தின் ஈர்ப்பு மையத்தைக் கண்டுபிடிக்க, வேண்டும்.

எடை எந்த வழியாக ஏறுகிறது

பட்டறைக் கையோடு பழகியவர்களுக்கு ஒரு குணம் உண்டு. கேட், கிரில், லாரி பாடி எதைச் செய்தாலும் "கொஞ்சம் கெட்டியா போட்டுருவோம், தாங்கணும்ல?" என்பார்கள். நல்ல குணம்தான், விமானத்தைத் தவிர. கே.புதூரிலும் கப்பலூரிலும் எனக்கு உதவிய கைகள் அத்தனையும் அருமையான கைகள். ஒவ்வொரு பிராக்கெட்டும் ஒரு சுற்றுப் பெரியதாகவே வந்தது.

தகடு கனத்தைப் பாருங்கள். அலுமினியத்தின் அடர்த்தி 2.7. அரை மில்லிமீட்டர் தகடு சதுர மீட்டருக்கு 1.35 கிலோ. 0.8 மில்லிமீட்டர் என்றால் 2.16 கிலோ. வித்தியாசம் 810 கிராம், பார்க்க ஒன்றுமில்லை. இறக்கை 12 சதுர மீட்டர் என்றால் மேலும் கீழுமாகப் போர்த்த 24 சதுர மீட்டர் தகடு வேண்டும். ஆக 19 கிலோவுக்கு மேல். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் 0.5 கிடைக்கவில்லை என்று 0.8 போட்டு முடித்தே விட்டார். அதைக் கழற்ற வழியே இல்லை. தகடு வரக் காத்திருந்திருக்கலாம்.

ஃபைபர் வேலை இருந்தால் நம்மூர் வெயில் ஒரு எதிரி. ஃபைபர் துணியை இறுக்கும் எபாக்ஸி ரெசின் டப்பாவில் போட்டிருக்கும் நேரம் 25 டிகிரிக்கு. பத்து டிகிரி கூடினால் அந்த நேரம் ஏறக்குறையப் பாதியாகும். சித்திரை மாதம் மத்தியானம் கலந்தால் துணியில் தேய்த்துப் பரப்புவதற்குள் இறுகத் தொடங்கும். பதற்றத்தில் இன்னொரு கப் கலந்து மேலே ஊற்றுவோம். அந்த உபரி ரெசின் பலம் தராது, எடை மட்டும் தரும். துணியை எடை போடுங்கள், அதே எடைக்கு ரெசின் கலக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். கை பழகியபின் துணி 60, ரெசின் 40 என்ற அளவுக்கு வரலாம். நாங்கள் அப்புறம் விடியற்காலை நான்கு மணிக்கு ஃபைபர் வேலை வைத்துக்கொண்டோம். டீக்கடை திறக்கும்போது வேலை முடிந்திருக்கும்.

பெயின்ட். இதுதான் ஏமாற்றும். கார் டிங்கரிங் பார்ப்பவர் வந்து பட்டி வைத்துத் தேய்த்து, பிரைமர், இரண்டு கோட், மேலே பளபளப்புக்கு ஒரு கோட் என்று செய்தார். கண்ணாடி போல இருந்தது. பட்டி இருந்த இடங்களையும் வால் பகுதியையும் சுரண்டி மெல்லிதாகத் திரும்ப அடித்தபோது 6.5 கிலோ குறைந்தது.

எடை போடும் நாள்

லாரி எடைமேடை வேண்டாம். நாங்களும் முதலில் அங்கேதான் போனோம். அது ஐந்து, பத்து கிலோவாகத்தான் நகரும். ஒவ்வொரு சக்கரத்தின் எடையும் தனித்தனியே கிடைக்காது. மண்டித் தராசு போதும்: 300 கிலோ தாங்கும், 50 அல்லது 100 கிராம் வரை காட்டும். முத்திரைத் தேதி முடிந்துவிடவில்லையே என்று பாருங்கள். வாடகைக்கு எடுக்கும்போதே அவர்களிடமுள்ள 20 கிலோ முத்திரைக் கல்லை மூன்றிலும் வைத்துச் சரிபார்த்துவிடுங்கள். சிமெண்ட் மூட்டையை வைத்துப் பார்க்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். மூட்டையில் அச்சடித்த 50 எல்லா மூட்டையிலும் 50 இல்லை.

நேரம் விடிகாலை. காற்று இருக்கக் கூடாது, கதவு மூடியிருக்க வேண்டும். இறக்கை மேல் லேசான காற்று பட்டாலும் எண் ஆடும்.

டேங்கைக் காலி செய்து, எஞ்சினுக்கு எட்டாத அந்தக் கொஞ்சத்தை மட்டும் விடுங்கள். ஆயில் முழு அளவு. கருவிப் பெட்டி, துணி, யாரோ மறந்து வைத்த தண்ணீர் பாட்டில் எல்லாம் வெளியே.

விமானத்தைப் பறக்கும் மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எந்தத் தளத்தில் ரசமட்டம் வைக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கும். குறுக்காக, இரு இறக்கைக்கும் மட்டம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாயே சிறந்த கருவி. மூக்குச் சக்கரத்தின் கீழ் கட்டை வைத்தீர்களானால் அந்தக் கட்டையின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள். பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக் பிடித்திருந்தால் சக்கரம் தராசைப் பக்கவாட்டில் இழுக்கும், எண் பொய் சொல்லும்.

பிறகு ஒவ்வொரு சக்கர அச்சிலிருந்தும், மூக்கின் முனையிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். விமானத்தைத் தள்ளிவிட்டால் தரையில் நான்கு புள்ளிகள் நிற்கும். எஃகு டேப்பால் அந்தத் தூரங்களை அளந்து எழுதுங்கள். மூன்று முறை ஏற்றி இறக்கி எடை பாருங்கள். மூன்றும் அரைக் கிலோவுக்குள் ஒத்துப்போனால் சரி.

சி.ஜி.: காவடிக் கணக்கு

எவ்வளவு எடை என்பது பாதிக் கதை. எங்கே இருக்கிறது என்பது மீதி. காவடி தூக்குகிறவர் தோளில் கம்பை முன்னும் பின்னும் நகர்த்தி ஒரு இடத்தில் நிறுத்துவார் அல்லவா, அந்த இடம்தான் ஈர்ப்பு மையம். விமானக்காரர்கள் சி.ஜி. என்பார்கள்.

22 கிலோ இறக்கியபின் எங்கள் எண்கள் இவை. மூக்குச் சக்கரத்தில் 62, பின்னிரண்டில் 110, 113. மொத்தம் 285. மூக்கு முனையிலிருந்து மூக்குச் சக்கரம் 0.90 மீட்டர், பின் சக்கரங்கள் 2.30 மீட்டர். எடையைத் தூரத்தால் பெருக்குங்கள்: 62 × 0.90 = 55.8. பின்னிரண்டும் 223 × 2.30 = 512.9. கூட்டினால் 568.7. இதை 285-ஆல் வகுத்தால் 1.995 மீட்டர். வெறும் விமானத்தின் சி.ஜி. அங்கே.

எங்களுக்குப் புத்தகம் தந்த எல்லை 1.98 முதல் 2.16 வரை. 18 சென்டிமீட்டர், ஒரு சாண் அகலம் கூட இல்லை. பறக்கும்போது எப்போதும் சி.ஜி. இந்தச் சாணுக்குள் இருக்க வேண்டும்.

இப்போது ஆள் ஏற்றுவோம். நானும் நண்பரும் சேர்ந்து 130 கிலோ, இருக்கை 2.10 மீட்டரில்: 273. முப்பது லிட்டர் பெட்ரோல் 22 கிலோ, டேங்க் 2.60-இல்: 57.2. பின்னால் 13 கிலோ சாமான், 3.00-இல்: 39. மொத்த எடை சரியாக 450. பெருக்கல்களின் கூட்டு 937.9. வகுத்தால் 2.084. நடுவில் நிற்கிறது, நல்லது. நான் மட்டும், 68 கிலோ, டேங்க் வற்றிய நிலையில் 2.016 வருகிறது. முன் எல்லைக்கு மூன்றரை சென்டிமீட்டர்தான் இடைவெளி. இப்படி எல்லாச் சேர்க்கைகளையும் போட்டுப் பாருங்கள்: ஒல்லியானவர் தனியாக, கனமான இருவர், முழு டேங்க், காலி டேங்க். பறக்கப் பறக்க டேங்க் காலியாகும், சி.ஜி. நகரும். ஒரு சேர்க்கை வெளியே போனாலும் அந்தச் சேர்க்கையில் பறக்கக் கூடாது.

வாலில் ஏறும் எடைதான் வில்லன். வாலில், 5.40 மீட்டரில், 2 கிலோ பட்டியும் பெயின்டும் கூடுதலாக ஏறினால் வெற்று சி.ஜி. 2.4 சென்டிமீட்டர் பின்னே போகிறது. அதைத் திரும்ப முன்னே இழுக்க மூக்கருகே 0.30 மீட்டரில் 4 கிலோ ஈயம் வைக்க வேண்டும். இரண்டு கிலோ அலட்சியத்துக்கு ஆறு கிலோ அபராதம். அதனால்தான் நாங்கள் சுரண்டலை வாலிலிருந்து தொடங்கினோம்.

கைக்கு என்ன தெரியும்

நான் பயிற்சி எடுத்தது வேறோர் ஊரில், இரண்டு இருக்கை மைக்ரோலைட்டில். முதல் முறை ஆசிரியர் இறங்கிக்கொண்டு "போயிட்டு வாங்க" என்றார். அவர் எண்பது கிலோ இருப்பார். த்ராட்டிலைத் தள்ளினேன். வழக்கமாக மூக்கைத் தூக்கும் இடத்துக்கு வெகு முன்னாலேயே சக்கரம் தரையை விட்டுவிட்டது. திரும்பி வந்தபோது இறங்கவே மாட்டேன் என்று ஓடுபாதை மேல் மிதந்தது. எடை என்றால் என்ன என்று எந்தப் புத்தகமும் அப்படிச் சொல்லித் தரவில்லை.

கணக்கில் சொன்னால், ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது) எடையின் வர்க்கமூலத்தோடு ஏறும். 400 கிலோவில் 65 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம் 450-இல் 69-இல் ஆகும். நான்குதானே என்று விடாதீர்கள். இறங்கும் வேகம், ஓடும் தூரம், பிரேக் சூடு எல்லாம் அதோடு ஏறும். மேலெழும் ஓட்டம் இன்னும் மோசம்: எடை 10 சதவீதம் கூடினால் தரையோட்டம் 20 சதவீதத்தை ஒட்டிக் கூடும். ஏறும் வேகமும் அடிபடும், எஞ்சினில் மிஞ்சிய சக்தியை எடையால் வகுத்தால் கிடைப்பதுதானே அது.

இதில் மதுரை வெயிலைச் சேருங்கள். நம் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 140 மீட்டர். மே மாதம் 40 டிகிரியில் காற்று விரிந்து மெலிந்து, 1000 மீட்டருக்கு மேலே இருக்கும் காற்றைப் போல நடந்துகொள்ளும். கொடைக்கானல் மலையில் பாதி ஏறிய மாதிரி. இறக்கைக்கும் புரொப்பெல்லருக்கும் எஞ்சினுக்கும் மூன்றுக்கும் காற்றுப் பஞ்சம். வேறெங்கோ குளிரில் அளந்து எழுதிய "ஓடுபாதை இவ்வளவு போதும்" என்ற எண்ணை நம்பிப் புறப்படாதீர்கள்.

சி.ஜி. முன்னே போனால் மூக்கு கனக்கும். தரை தொடும் நேரத்தில் கட்டுப்பாட்டுக் குச்சியை முழுதாக இழுத்தும் மூக்கு எழும்பாமல் முன் சக்கரம் முதலில் மோதும். பின்னே போனால் குச்சி வெண்ணெய் போல இலகுவாக இருக்கும், புதியவர்களுக்குப் பிடித்தும் போகும். ஆபத்து அங்கேதான். மூக்கு தானாகச் சமன் தேடாது, ஸ்டாலிலிருந்தும் சுழலிலிருந்தும் மீட்பது கடினம், சில சமயம் முடியாது. இரண்டில் எது தேவலை என்று கேட்டால் எல்லைக்கு உள்ளேயே முன்பக்கம் என்பேன்.

லேசான விமானத்துக்கும் ஒரு விலை உண்டு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்களுடையது இறக்கையின் சதுர மீட்டருக்கு 37.5 கிலோ சுமக்கிறது. செஸ்னா 172 சுமார் 70 கிலோ சுமக்கிறது. ஆடி மாத மத்தியானத்தில் எங்களுடையது அதிகமாகத் தூக்கிப் போடும். அதற்காக எடை ஏற்றாதீர்கள், காலை எட்டு மணிக்குள் பறந்துவிட்டு வாருங்கள்.

எதை இறக்குவது

எங்கள் 22 கிலோ இப்படிப் போனது. பட்டியும் பெயின்டும் 6.5. தரையில் லாரிக்காரர் பழக்கத்தில் போட்ட செக்கர் ஷீட்டை எடுத்துவிட்டு வரைபடத்தில் இருந்த மெல்லிய தகட்டைப் போட்டதில் 5. ஈய ஆசிட் பேட்டரியை லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக்கு மாற்றியதில் 4.5 (எஞ்சின் சூட்டிலிருந்து தள்ளி வைத்து, இடம் மாறியதால் சி.ஜி.யைத் திரும்பப் போட்டோம்). ரெக்சினும் கனத்த ஸ்பாஞ்சுமாகத் தைத்த இருக்கைகளில் 4. மிச்சம் 2 கிலோ நீளமான போல்ட், தடித்த வயர், யாரும் கேட்காத பிராக்கெட்டுகள். மீதிப் பத்து கிலோ விமானத்தோடு இருக்கிறது. அதை எடுக்க வேண்டுமானால் ரிவெட்டைப் பிரிக்க வேண்டும்.

தொடக் கூடாதவை: வரைபடத்தில் உள்ள ரிவெட், போல்ட் எண்ணிக்கை, இறக்கையின் மைய உத்தரம், கட்டுப்பாட்டுக் கேபிள்கள். எடை குறைக்கத் துளை போடுகிறேன் என்று டிரில்லை எடுத்து வருகிற உறவினரை டீ வாங்க அனுப்பிவிடுங்கள். வடிவமைத்தவர் துளை போடச் சொன்ன இடத்தில் மட்டும் துளை.

மலிவான வழி ஒன்றும் உண்டு. நானும் நண்பரும் ஒரு வருஷம் இரவுக் கறிதோசையைக் குறைத்து ஆளுக்கு நான்கு கிலோ இறங்கினோம். பயன் சுமையில் எட்டு கிலோ லாபம், ஒரு ரிவெட் கூடக் கழற்றவில்லை.

அதன் பிறகும்

ரேடியோ மாற்றினால், இருக்கை மாற்றினால், திரும்பப் பெயின்ட் அடித்தால் எடைத்தாள் பழசாகிவிட்டது என்று பொருள். சின்ன மாற்றத்துக்கு நோட்டில் கூட்டிக் கழித்தால் போதும். பெயின்ட் போன்ற பெரிய வேலைக்குத் திரும்பத் தராசில் ஏற்ற வேண்டும். அய்லரான், எலிவேட்டர், ரட்டர் என்று இறக்கையிலும் வாலிலும் அசையும் பலகைகளில் பெயின்ட் பட்டால் ஒவ்வொன்றையும் கழற்றித் தனியே சமன் பார்க்காமல் பறக்கக் கூடாது. பின் ஓரம் சில கிராம் கூடினாலே வேகத்தில் படபடக்கத் தொடங்கி விமானத்தையே பிய்த்துவிடக் கூடியவை அவை.

எடைத்தாளில் தேதி, தராசின் முத்திரை எண், அன்று விமானத்தில் பொருத்தியிருந்த கருவிகளின் பட்டியல், போட்டவர் கையெழுத்து நான்கும் இருக்கட்டும். ஒரு நகல் விமானத்திலேயே இருக்க வேண்டும். எங்களுடையதை லேமினேட் செய்து இருக்கைக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறோம். லேமினேட்டோடு 12 கிராம், நோட்டில் ஏற்றியாயிற்று.